பழ ஈ: மாந்தோப்பில் சட்டம் கேட்பது என்ன, கேட்காமல் விடுவது என்ன?

மாம்பழத்தை வெட்டியதும் உள்ளே வெள்ளைப் புழு துள்ளி விழுந்தால் அது பழ ஈயின் வேலை. இந்த ஈ தங்கள் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று ஜப்பான் 2006 வரை இந்திய மாம்பழத்தை உள்ளே விடவில்லை. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியமும் கதவைச் சாத்தியது. இத்தனைக்கும் கிருஷ்ணகிரியிலோ தேனியிலோ தோப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் பேச்சை எடுத்தால், "பழ ஈக்குன்னு சட்டம் வேற இருக்கா?" என்றுதான் கேட்பார். இருக்கிறது. ஆனால் பழத்தை உள்ளூர் மண்டியில் போடுகிறீர்களா, கூழ் ஆலைக்கு அனுப்புகிறீர்களா, வெளிநாட்டுக்கு ஏற்றுகிறீர்களா என்பதைப் பொறுத்து அதன் பிடி இறுகும் அல்லது தளரும்.

முதலில் இந்த ஈ செய்வது என்ன என்று பார்த்துவிடுவோம். விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது அப்போதுதான் புரியும். காய் முற்றி நிறம் மாறத் தொடங்கும் நேரத்தில் பெண் ஈ வந்து தோலில் ஊசி போலக் குத்தி உள்ளே முட்டையிடும். வெளியே தெரிவது ஒரு சிறு புள்ளி மட்டுமே. சில நேரம் அதில் ஒரு சொட்டுப் பால் கசிந்து காய்ந்திருக்கும். பறிக்கும்போது கண்ணில் படாது, கூடையில் அடுக்கும்போதும் படாது. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, புழு சதையைத் தின்னத் தொடங்கியதும் அந்த இடம் கொளகொளவென்று பழுப்பாகும். பழம் உதிரும். வளர்ந்த புழு பழத்தை விட்டு வெளியே வந்து, மரத்தடி மண்ணில் சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகிவிடும். வெயில் காலத்தில் மூன்று நான்கு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை ஈ பறக்கத் தயார். அதனால்தான் பருவத் தொடக்கத்தில் வரும் இரகங்களில் சேதம் குறைவாகவும், கடைசியில் வரும் நீலம் போன்றவற்றில் அதிகமாகவும் இருக்கிறது. முன்னால் உதிர்ந்த பழத்தில் வளர்ந்த ஈதான் பின்னால் பழுக்கும் பழத்துக்கு வருகிறது.

உள்நாட்டுச் சட்டம்

பூச்சி நோய்களுக்கு என்று மத்திய அரசிடம் இருக்கும் அடிப்படைச் சட்டம் 1914-ஆம் ஆண்டின் அழிவுதரும் பூச்சிகள் சட்டம். அது முக்கியமாகத் துறைமுகம், விமான நிலையம் வழியாக வெளிநாட்டுப் பூச்சி உள்ளே வராமல் தடுப்பதற்கானது. அதன் கீழ் வந்ததுதான் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை. இவை இரண்டும் தோப்புக்காரரை நேரடியாகத் தொடுவது குறைவு.

தோப்புக்காரரைத் தொடக்கூடியது 1919-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த வேளாண் பூச்சி மற்றும் நோய்கள் சட்டம். இன்றும் தமிழ்நாட்டில் அது நடப்பில் இருக்கிறது. நூறு வயதைத் தாண்டிய சட்டம் என்றாலும் அதன் கட்டமைப்பு தெளிவானது. ஒரு பூச்சி பரவி அபாயம் என்று அரசு கருதினால், இந்தப் பகுதியில் இந்தப் பூச்சி, இன்ன நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அரசிதழில் அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் நிலத்தை அனுபவத்தில் வைத்திருப்பவர் அந்த நடவடிக்கையை எடுத்தே ஆக வேண்டும். ஆய்வு அலுவலர் தோப்புக்குள் வந்து பார்க்கலாம், கெடு வைத்து நோட்டீஸ் கொடுக்கலாம். செய்யாவிட்டால் அரசே ஆள் வைத்துச் செய்து, செலவை நம்மிடம் வசூலிக்கும். தென்னை கருந்தலைப் புழு, பருத்தித் தண்டு வண்டு, நீலகிரியில் வந்த பஞ்சுச் செதில் பூச்சி போன்றவற்றுக்கு இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது: அறிவிக்கை வந்தால்தான் கட்டாயம். வராதவரை, பக்கத்துத் தோப்பில் உதிர்ந்த பழம் மலைபோல் குவிந்து அழுகிக் கிடந்தாலும் அவரை யாரும் கேட்க முடியாது. ஈக்கு வரப்பு வேலியெல்லாம் தெரியாது. நீங்கள் ஒருவர் மட்டும் பொறி வைத்துப் பயனில்லை என்று தோட்டக்கலை அலுவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சிக்கல் குத்தகை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பூ எடுக்கும்போதே மரத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவது வழக்கம். குத்தகைதாரர் நல்ல காயைப் பறித்துக்கொண்டு போய்விடுவார். உதிர்ந்ததைப் பொறுக்கிக் குழியில் போடுவது யார் வேலை? உரிமையாளர் குத்தகைதாரரைக் காட்டுவார், அவர் உரிமையாளரைக் காட்டுவார். பழைய சட்டம் நிலத்தை அனுபவிப்பவர் தலையில்தான் பொறுப்பை வைக்கிறது, ஆனால் நடைமுறையில் அது தானாகத் தீராது. குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது: வாரம் ஒருமுறை உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி இரண்டடிக் குழியில் மண் மூடிப் புதைப்பது, பொறி மாற்றுவது, அறுவடை முடிந்ததும் மரத்தடியை உழுது விடுவது. இந்த மூன்றையும் யார் செய்வது என்று எழுதியிருந்தால் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

மருந்து விஷயத்தில் விதி கடுமை

பூச்சிமருந்துக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உரிமம் உள்ள கடையில், ரசீதோடுதான் வாங்க வேண்டும். எந்த மருந்தை எந்தப் பயிரில் எந்தப் பூச்சிக்கு அடிக்கலாம் என்பதை மத்திய பூச்சிமருந்து வாரியம் பதிவு செய்திருக்கும். டப்பாவில் ஒட்டியிருக்கும் தாளிலும் அது அச்சாகியிருக்கும். அதில் மா என்று இல்லாவிட்டால் மாமரத்தில் அடிக்கக் கூடாது, கடைக்காரர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் சரி. கடைசியாக அடித்ததற்கும் பறிப்பதற்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பழைய கையேடுகளில் பழ ஈக்கு மாலத்தியானையும் வெல்லத்தையும் கலந்து தெளிக்கச் சொல்லியிருக்கும். 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆணையில், மாலத்தியானுக்குப் பதிவாகியிருந்த பல பயிர்கள் நீக்கப்பட்டன. ஆப்பிள், திராட்சையோடு மாவும் அதில் உண்டு. ஆகவே வீட்டுப் பரணில் இருக்கும் கையேட்டையோ வாட்ஸாப்பில் சுற்றும் பழைய படத்தையோ நம்பி மருந்து கலக்க வேண்டாம். அந்த ஆண்டுக்கான பரிந்துரையை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

பொறி வைப்பது இதைவிட எளிது. மெத்தில் யூஜினால் என்ற மணப்பொருளில் ஊறவைத்த சிறு மரக்கட்டையைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தொங்கவிடுவார்கள். ஆண் ஈக்கள் அந்த வாசனைக்கு ஓடி வந்து உள்ளே மாட்டிச் சாகும். ஏக்கருக்கு நான்கு முதல் பத்துப் பொறி வரை பரிந்துரைக்கிறார்கள். ஆள் உயரத்தில், நிழலான கிளையில் கட்ட வேண்டும். அறுவடைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கட்டத் தொடங்க வேண்டும், பழம் நிறம் மாறிய பிறகு கட்டினால் வேலைக்கு ஆகாது. காரணம் இதுதான்: பொறிக்கு வருவது ஆண் ஈ மட்டும். முட்டையிடும் பெண் ஈ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆண்களை முன்கூட்டியே குறைத்து, பெண்களுக்கு இணை கிடைக்காமல் செய்வதுதான் நோக்கம். டப்பா நிறைய ஈ செத்துக் கிடப்பதைப் பார்த்துப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது தோப்பில் எவ்வளவு ஈ இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது, எவ்வளவு தீர்ந்தது என்பதை அல்ல. உதிர்ந்த பழத்தைப் பொறுக்காமல் பொறி மட்டும் வைத்தால் மண்ணிலிருந்து புது ஈ வந்துகொண்டே இருக்கும்.

செலவுக்கு உதவி கிடைக்குமா என்றால், ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைக்கு மானியம் உண்டு. தொகையும் பரப்பு வரம்பும் அவ்வப்போது மாறும், அந்த ஆண்டு உங்கள் வட்டாரத்துக்கு இலக்கு, அதாவது மானிய ஒதுக்கீடு, வந்திருக்கிறதா என்பதும் முக்கியம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகலோடு தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். டிஎன்ஹார்ட்நெட் இணையதளத்திலோ உழவன் செயலியிலோ பதிவு செய்யலாம். ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கி இலக்கு வந்து சேர்வதற்குள் மாம்பருவமே பாதி முடிந்துவிடும் என்பது வேறு கதை. அதனால் முதல் ஆண்டு மானியத்தை நம்பிப் பொறியைத் தள்ளிப் போடாதீர்கள், அதன் விலை அப்படியொன்றும் பெரிதல்ல.

வெளிநாட்டுக்கு அனுப்ப

ஏற்றுமதி என்று வந்துவிட்டால் ஆட்டமே மாறிவிடும். 2013-இல் இந்தியாவிலிருந்து போன பழம், காய்கறிகளில் 207 சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் இருப்பதை ஐரோப்பிய நாடுகள் கண்டுபிடித்தன. விளைவு, 2014 மே 1 முதல் மாம்பழத்தோடு பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேம்பு என ஐந்து பொருள்களுக்குத் தடை. இங்கிருந்து வெந்நீர்ச் சிகிச்சை, அங்கீகரித்த சிப்பம் கட்டும் நிலையம், அரசு அலுவலர் பரிசோதனை என்று ஏற்பாடுகளைக் காட்டிய பிறகு 2015 தொடக்கத்தில் மாம்பழத்துக்கு மட்டும் தடை நீங்கியது. மற்ற நான்கும் அதற்குப் பிறகும் காத்திருந்தன. 2019 செப்டம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் இறுக்கியது: பழ ஈ இல்லாத பகுதியில் விளைந்தது என்றோ, ஈயைக் கொல்லும் சிகிச்சை செய்தது என்றோ சான்றில் எழுதியிருக்க வேண்டும்.

சிகிச்சை நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவுக்குப் போகும் பழத்தை 48 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 60 நிமிடம் மூழ்க வைக்கிறார்கள். ஜப்பானுக்கு நீராவிச் சூடு: பழத்தின் உள்சதை 47.5 டிகிரிக்கு வந்த பிறகு 20 நிமிடம் அப்படியே வைக்க வேண்டும். அமெரிக்காவுக்குக் கதிர்வீச்சு, குறைந்தது 400 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அமெரிக்கா 18 ஆண்டு தடைக்குப் பிறகு 2007-இல் இந்திய மாம்பழத்தை ஏற்றுக்கொண்டதே இந்த ஏற்பாட்டின் பேரில்தான். பழ ஈயோடு கொட்டைக்குள் ஒளியும் மாங்கொட்டை வண்டையும் இந்தக் கதிர்வீச்சு கையாளுகிறது. அந்த வண்டு கொட்டைக்குள் இருப்பதால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இந்தச் சிகிச்சையெல்லாம் உள்ளே இருக்கும் முட்டையையும் புழுவையும் கொல்லும், அல்லது வளர்ந்து இனம் பெருக்க முடியாமல் செய்யும், அவ்வளவுதான். புழு தின்று பழுப்பான சதையை நல்ல சதையாக்காது. ஈ குத்திய பழம் வெந்நீரிலிருந்து வந்த பிறகும் கழிவுப் பழம்தான். சிகிச்சை நிலையத்தில் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துத் தோப்பைக் கவனிக்காமல் விட்டால், தரம்பிரிக்கும் மேசையிலேயே உங்கள் பழம் ஒதுங்கிவிடும். ஒதுக்கியதற்கு ஏற்றுமதியாளர் பணம் தர மாட்டார்.

தோப்புக்காரர் செய்ய வேண்டியது பதிவு. வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடாவின் மேங்கோநெட் என்ற இணையப் பதிவேட்டில் தோப்பைப் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பம் தோட்டக்கலைத் துறை வழியாகப் போகும். அலுவலர் தோப்பைப் பார்த்துவிட்டு எண் கொடுப்பார். பருவம் தொடங்குவதற்கு முன்பே பதிவையோ புதுப்பித்தலையோ முடித்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் என்ன மருந்து, எத்தனை அளவு, எப்போது பொறி மாற்றியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சலிப்பான வேலை, ஆனால் ஐரோப்பாவில் தனியாக வரம்பு குறிக்காத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் பொது வரம்பு. எச்சம் அதைத் தாண்டினால் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான். பிறகு பழம் அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்குப் போய், சிகிச்சை முடிந்து, தாவரத் தொற்றுத்தடுப்பு அலுவலர் பார்த்து தாவரநலச் சான்று தருவார். சென்னையில் அந்த அலுவலகம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. ஐரோப்பிய விமான நிலையத்தில் ஒரு புழு அகப்பட்டாலும், பெட்டியில் இருக்கும் எண்ணை வைத்து நிலையம் வரை, தோப்பு வரை திரும்பி வந்துவிடுவார்கள்.

காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2025 மே மாதம் நடந்ததைச் சொல்லலாம். நவி மும்பையில் கதிர்வீச்சு முடிந்து விமானத்தில் போன பதினைந்து சரக்கு மாம்பழத்தை அமெரிக்கா திருப்பிவிட்டது. பூச்சி எதுவும் கிடைக்கவில்லை. ஆவணத்தில் குறை என்றார்கள். திருப்பி எடுத்து வரும் செலவு கட்டுப்படியாகாது என்று பழத்தை அங்கேயே அழித்துவிட்டார்கள்.

கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா இரக மாம்பழத்துக்கு இந்த வெந்நீரும் கதிர்வீச்சும் கிடையாது. கூழைக் காய்ச்சிப் பதப்படுத்திவிடுவதால் உயிருள்ள பூச்சி போக வழியில்லை. ஆனாலும் மருந்து எச்ச வரம்பு அதற்கும் உண்டு. புழு உள்ள பழத்தை ஆலை வாசலிலேயே எடை கழித்துவிடுவார்கள் என்பது கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தெரியாததல்ல.

கடைசியாக, தோப்பு இல்லாதவர்களுக்கும் ஒரு விதி. லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு என்று பெட்டியில் நான்கு அல்போன்சாவைச் சுற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப் பெட்டியில் பழம் கொண்டுபோகவும் தாவரநலச் சான்று வேண்டும். விலக்கு ஐந்துக்கு மட்டும்: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன். மாம்பழம் அந்தப் பட்டியலில் இல்லை. சுங்கத்தில் பிடித்தால் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். பிரிட்டன் இப்போது ஒன்றியத்தில் இல்லாததால் அதன் விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள் பெட்டியில் மாம்பழம் வைக்கவே வேண்டாம். மாவடு ஊறுகாய் கொண்டுபோவதாக இருந்தாலும் இறங்கியதும் சுங்கத்தில் தெரிவித்துக் காட்டிவிடுங்கள், அதற்கு அபராதம் கிடையாது. மறைத்துப் பிடிபட்டால்தான் அபராதம்.