ஏசி போட்டதும் ஃப்யூஸ் போகிறதா? ஷார்ட்டைக் கண்டுபிடிக்கும் விதம்

காரில் ஏசி பொத்தானை அழுத்துகிறோம். காற்று வருகிறது, குளிர் வரவில்லை. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தால் கம்ப்ரசர் கிளட்சுக்கான 10 ஆம்பியர் ஃப்யூஸ் உருகிக் கிடக்கிறது. புதிதாக ஒன்று போட்டால் அதுவும் போகிறது. இந்தக் கட்டத்தில் பலர் 20 ஆம்பியர் ஃப்யூஸைச் செருகிப் பார்ப்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த ஃப்யூஸ் காப்பது வயரை. பெரிய ஃப்யூஸ் போட்டால், அது உருகுவதற்கு முன்பே வயர் சூடேறி உருக ஆரம்பிக்கும். கார் தீப்பிடிக்க அதுவே போதும்.

முதலில் சுற்றைப் புரிந்துகொள்வோம். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் ஃப்யூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகக் கம்ப்ரசரின் முன்பக்கம் இருக்கும் கிளட்ச் காயிலுக்குப் போகிறது. காயில் மின்காந்தமாகி கிளட்ச் தட்டை இழுத்துப் பிடிக்க, பெல்ட்டின் சுழற்சி கம்ப்ரசருக்குள் போகிறது. காயிலைக் கடந்த மின்சாரம் எஞ்சின் உடல் வழியாக, அதாவது எர்த் வழியாக, பேட்டரிக்குத் திரும்பிவிடும். பெரும்பாலான கார்களில் இந்தக் காயிலின் மின்தடை 3 முதல் 5 ஓம் வரை இருக்கும். 3.6 ஓம் என்று வையுங்கள். எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 வோல்ட் கிடைக்கிறது. ஓம் விதிப்படி வகுத்தால் 3.8 ஆம்பியர். 10 ஆம்பியர் ஃப்யூஸுக்கு இது சாதாரணச் சுமை. அது உருக வேண்டுமென்றால் சுற்றின் மொத்தத் தடை 1.4 ஓமுக்கும் கீழே போயிருக்க வேண்டும். எங்கோ ஒரு குறுக்குவழி, அதாவது ஷார்ட், திறந்திருக்கிறது. எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

கருவியை எடுப்பதற்கு முன், ஃப்யூஸ் எப்போது போகிறது என்று கவனிப்பது நல்லது. அழுத்திய கணமே போனால் வயர் நேராக பாடியைத் தொடுகிறது என்று சந்தேகிக்கலாம். மேடு பள்ளத்தில் மட்டும் போனால், வயரின் உறை ஏதோ ஒரு கிளாம்பிலோ கூர்மையான ஓரத்திலோ உராய்ந்து தேய்ந்திருக்கும். பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் போனால், சூட்டில் மட்டும் தலைகாட்டும் கோளாறு, பெரும்பாலும் காயில்.

இனி சோதனை. ஃப்யூஸை மாற்றி மாற்றிப் போட்டு எரித்துக்கொண்டே இருப்பதைவிட, ஃப்யூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இணைப்பது எவ்வளவோ மேல். சுற்றில் முழு ஷார்ட் இருந்தாலும் பல்பு 2 ஆம்பியருக்கு மேல் விடாது, அதனால் வயருக்கு ஆபத்தில்லை. ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். சுற்று சரியாக இருந்தால், காயிலும் பல்பும் மின்னழுத்தத்தைப் பகிர்ந்துகொள்வதால் மங்கலாக எரியும்.

பல்பு பளிச்சென்று எரியும்போது ரிலேயைப் பிடுங்குங்கள். அப்போதும் எரிந்தால் கோளாறு ஃப்யூஸுக்கும் ரிலேக்கும் இடையில். அணைந்தால் ரிலேக்கு அப்பால். ரிலேயைத் திரும்பப் பொருத்திவிட்டு, கம்ப்ரசரில் இருக்கும் கனெக்டரைக் கழற்றுங்கள். பல்பு அணைந்துவிட்டால் கோளாறு கம்ப்ரசர் பக்கம். இன்னும் எரிந்தால் நடுவில் உள்ள வயரில். பிறகு வயர்க்கட்டைச் சில அங்குலமாக மெல்ல அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் வெளிச்சம் துடிக்கிறதோ அங்கே உறை பிய்ந்திருக்கும். புகைபோக்கிக்கு அருகில் போகும் பகுதியையும் கம்ப்ரசர் பிராக்கெட்டையும் முதலில் பாருங்கள்.

கோளாறு கம்ப்ரசர் பக்கம் என்று தெரிந்ததும் கம்ப்ரசரையே மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். காயிலுக்கு இணையாகச் சில கார்களில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு சிறிய டயோடு இருக்கும். ஏசி அணையும்போது காயிலின் காந்தப்புலம் சரிவதால் எதிர்த்திசையில் உயர் மின்னழுத்தம் எழும். டயோடு அதைச் சுற்றிவிட்டு மற்ற மின்னணுப் பாகங்களைக் காப்பாற்றுகிறது. அந்த டயோடே உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டால், காயில் நன்றாக இருந்தும் ஃப்யூஸ் உடனே போகும். டயோடைத் தனியாகப் பிரித்து மல்ட்டிமீட்டரில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கடத்தினால் நல்லது, இரு பக்கமும் கடத்தினால் போய்விட்டது. காயில் முனைக்கும் கம்ப்ரசர் உடலுக்கும் இடையில் அளக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: காயிலின் மறுமுனை உடலிலேயே எர்த் ஆகியிருக்கும் வகையில் அந்த 3, 4 ஓம் தெரிவது இயல்பு.

காயில் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை சூட்டோடு தொடர்புடையது. செம்புக் கம்பியின் தடை வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் சுமார் 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 3.6 ஓம் காட்டும் காயில், 100 டிகிரியில் 4.7 ஓம் காட்ட வேண்டும். கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூடானால் கம்பி மேல் பூசிய எனாமல் கருகி, கம்பியின் அடுத்தடுத்த சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். அப்படிப்பட்ட காயில் குளிர்ந்திருக்கும்போது சரியான அளவையே காட்டும். சூடானதும் தடை கூடுவதற்குப் பதில் குறையும். ஆகவே ஃப்யூஸ் போன உடனேயே எஞ்சினை அணைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் அளந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் அளந்து, காயிலில் குறையில்லை என்று சொல்வதால்தான் பல கோளாறுகள் மாதக்கணக்கில் பிடிபடாமல் இருக்கின்றன.

காருக்குள் காற்றை ஊதும் விசிறியான ப்ளோயரின் ஃப்யூஸ் போனால் கதை வேறு. அது தனிச் சுற்று, அதிக ஆம்பியர் ஃப்யூஸ். மோட்டாரின் பேரிங் இறுகினாலோ, காற்றறைக்குள் சருகு சிக்கினாலோ மோட்டார் திணறி அதிக மின்சாரம் இழுக்கும். ஷார்ட்டே இல்லாமல் ஃப்யூஸ் போகும்.

ஹைபிரிட், மின்சார கார்களில் இதில் எதையும் வீட்டில் முயற்சி செய்யக் கூடாது. அங்கே கம்ப்ரசர் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற வயர்கள் அதற்கான எச்சரிக்கை. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே தொட வேண்டும்.

பிய்ந்த வயர் கிடைத்துவிட்டால் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். சேதமான பகுதியை வெட்டி, அதே தடிமனுள்ள வயரைச் சேர்த்து, வெப்பத்தில் சுருங்கும் உறையிட்டு, உராய்ந்த ஓரத்திலிருந்து விலக்கிக் கட்டுங்கள். கடைசியாக ஃப்யூஸ் இடத்தில் அம்மீட்டரை இணைத்து ஏசியை ஓடவிடுங்கள். 3, 4 ஆம்பியருக்குள் அளவு நிலையாக நின்று, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ஏறாமல் இருந்தால், பழைய அதே 10 ஆம்பியர் ஃப்யூஸைப் போட்டுக்கொள்ளலாம்.