ஈவு போகட்டும், மீதியைச் சொல்லுங்கள்

பழைய ராஜா ராணிப் படங்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். இளவரசியைக் கடத்திக்கொண்டு ரதம் பறக்கும். கதாநாயகன் குதிரையில் துரத்துவான். தூசி கிளம்பும், முரசு அதிரும். ரதம் முன்னால் பாய்ந்துகொண்டிருக்க, அதன் சக்கரம் மட்டும் நிதானமாகப் பின்னால் சுற்றும். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த வயதில் அப்பாவிடம் இதைக் கேட்டேன். "கேமராவில் ஏதோ கோளாறு" என்றார்.

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. அது ஒரு வகுத்தல் கணக்கைச் செய்து, விடையில் மீதியை மட்டும் திரையில் காட்டிக்கொண்டிருந்தது.

பள்ளியில் நமக்கு மீதியின்மேல் மரியாதை வரவே இல்லை. ஈவுதான் விடை. மீதி என்பது கீழே தொங்கும் ஒரு சிறு எண், பந்தி முடிந்தபின் அண்டாவில் ஒட்டியிருக்கும் சோறு மாதிரி. எனக்கோ நாள் போகப் போக எதிர்த்திசையில் நம்பிக்கை வலுத்துவிட்டது. வாழ்க்கையில் எதெல்லாம் சுற்றிச் சுற்றி வருகிறதோ அங்கெல்லாம் ஈவை யாரும் பார்ப்பதில்லை. கண்ணில் படுவது மீதிதான்.

ரதத்துக்கு வருவோம். சினிமா வினாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. பேசும் படம் வந்த காலத்தில் நிலைத்துவிட்ட எண் இது. ரதச் சக்கரத்துக்கு 12 ஆரக்கால்கள் என்றும் அதன் விட்டம் 120 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். சுற்றளவு ஏறக்குறைய 377 சென்டிமீட்டர். அப்படியானால் ஓர் ஆரக்காலுக்கும் அடுத்ததற்கும் விளிம்பில் 31 சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி. ஒரு படம் எடுத்து அடுத்த படம் எடுப்பதற்குள் சக்கரம் சரியாக ஓர் இடைவெளி அளவு உருண்டால் என்ன ஆகும்? ஒவ்வோர் ஆரக்காலும் தனக்கு முன்னால் இருந்ததன் இடத்தில் போய் நின்றிருக்கும். எல்லா ஆரக்கால்களும் ஒரே அச்சில் வார்த்தவை. இது அதுதானா, வேறொன்றா என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டு படங்களும் ஒன்றேபோல் இருப்பதால் சக்கரம் நின்றுவிட்டதாகத் தோன்றும். அந்த வேகத்தைக் கணக்கிட்டால் மணிக்கு 27 கிலோமீட்டர். குதிரை பூட்டிய ரதம் விரையும் வேகம் அதுதான்! துரத்தல் காட்சிகளில் இந்த வேடிக்கை தவறாமல் நடப்பதற்கு அதுவே காரணம்.

ரதத்தின் வேகம் 25 கிலோமீட்டருக்குச் சற்றே இறங்கட்டும். இப்போது ஒவ்வோர் ஆரக்காலும் அடுத்ததன் இடத்தை எட்டுவதற்கு நூலிழை குறைவாக வந்து நிற்கும். இடைவெளியில் 92 விழுக்காடு முன்னேறியிருக்கிறது. ஆனால் நம் மூளை அப்படிப் படிப்பதில்லை. இரண்டு படங்களுக்கிடையே மிகக் குறுகிய வழி எதுவோ அதை எடுத்துக்கொள்கிறது. 92 பங்கு முன்னால் போவதைவிட 8 பங்கு பின்னால் வருவது குறுகிய வழி. ஆகவே சக்கரம் பின்னால் சுற்றுகிறது, வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு ஆரக்கால் இடைவெளி என்ற மெத்தனமான வேகத்தில். ஒரு முழுச் சுற்று முடிக்க ஆறு வினாடிகளுக்கு மேல் ஆகும். நிஜச் சக்கரம் அதற்குள் பதினொரு சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும்.

சக்கரம் எத்தனை இடைவெளிகளை முழுதாகக் கடந்தது என்பது ஈவு. அது திரையில் பதிவாவதே இல்லை. கடைசியில் எஞ்சிய துண்டு மட்டுமே பதிவாகிறது. அந்தத் துண்டு அரை இடைவெளிக்குக் குறைவாக இருந்தால் சக்கரம் முன்னால் சுற்றும், கூடுதலாக இருந்தால் பின்னால் சுற்றும். சரியாக அரையாக இருந்தால் பன்னிரண்டு ஆரக்கால் இருபத்துநான்காகத் தெரிந்து படபடக்கும்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். நல்ல வெளிச்சமுள்ள பகலில், சுழலும் மின்விசிறியைச் செல்போனில் படம் பிடியுங்கள். மூன்று இறக்கைகள், நிமிடத்துக்கு 400 சுற்றுகள், வினாடிக்கு 30 படங்கள் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இறக்கை 80 பாகை திரும்புகிறது. இறக்கைகளுக்கிடையே 120 பாகை. 80 முன்னால் போவதைவிட 40 பின்னால் வருவது குறுக்குவழி. விசிறி தலைகீழாகச் சுற்றுவதைப் பார்த்துக் குழந்தைகள் கைதட்டுவார்கள்.

லேத் பட்டறைகளில் இது வேடிக்கை இல்லை. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. பழைய சோக் வைத்த டியூப் லைட் ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை, அதாவது வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கண்ணுக்கு அது தெரியாது. கடையவேண்டிய பொருளைக் கவ்விப் பிடித்துச் சுழலும், நான்கு தாடைகள் கொண்ட சக் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் வினாடிக்கு 25 சுற்று. நான்கால் பெருக்கினால் 100. விளக்கு பிரகாசமாகும் ஒவ்வொரு நொடித்துணுக்கிலும் ஒரு தாடை அதே இடத்தில் நிற்கும். ஓடும் இயந்திரம் ஓய்ந்து நிற்பதாகக் கண் நம்பும். கை நீளும். இந்த ஆபத்துக்காகத்தான் பட்டறைகளில் பக்கத்துப் பக்கத்து விளக்குகளை மூன்று பேஸ்களிலும் பிரித்துக் கொடுப்பார்கள். ஒன்று மங்கும்போது மற்றொன்று ஒளிர்ந்துகொண்டிருக்கும். மீதி பூஜ்யமாக வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நாள்காட்டியில் இதே கணக்கு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. 365-ஐ ஏழால் வகுத்தால் ஈவு 52, மீதி 1. அந்த ஒன்றினால்தான் உங்கள் பிறந்தநாள் ஆண்டுக்கு ஒரு கிழமை நகர்கிறது. இடையில் பிப்ரவரி 29 புகுந்தால் இரண்டு கிழமை நகரும். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. அங்கிருந்து 2025 ஆகஸ்ட் 15 வரை 78 ஆண்டுகள், நடுவில் 20 லீப் நாட்கள். கூட்டினால் 98. ஏழால் வகுத்தால் மீதியே இல்லை. எனவே 2025-லும் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமையில்தான் வந்தது. இதற்குப் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை.

மீதிகளை வைத்துக்கொண்டு மூல எண்ணைத் தேடிப் பிடிக்கும் முறையை ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். குட்டகம் என்று அதற்குப் பெயர். இடித்துப் பொடியாக்குவது என்று பொருள். பெரிய எண்களை வகுத்து வகுத்துச் சிறு மீதிகளாக இடித்துக்கொண்டே போவதால் அந்தப் பெயர். 1801-ல், தம் 24-ஆம் வயதில், ஜெர்மனியின் கணித அறிஞர் காஸ் இந்தக் கணிதத்துக்குத் தனிக் குறியீடு கொடுத்தார். ஒரே மீதி தரும் எண்களுக்கு நடுவே மூன்று கோடு போட்ட சமக்குறி அது.

இனி மளிகைக் கடை. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கோடுகளுக்குக் கீழே 13 இலக்கங்கள் இருக்கும். இந்தியாவில் பதிவான நிறுவனம் என்றால் 890-ல் தொடங்கும். இவற்றில் கடைசி இலக்கம் பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முந்தைய பன்னிரண்டுக்கும் அது காவல்காரன். முதல் பன்னிரண்டு இலக்கங்கள் 890123456789 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என ஒற்றை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 28. இரட்டை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 34. இதை மட்டும் மூன்றால் பெருக்க வேண்டும், 102. மொத்தம் 130. பத்தால் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே கடைசி இலக்கம் 0. மீதி வந்திருந்தால், கூட்டுத்தொகையை அடுத்த பத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு தேவையோ அதுவே கடைசி இலக்கமாகியிருக்கும்.

மூன்றால் ஏன் பெருக்க வேண்டும்? இங்கேதான் இதை அமைத்தவர்களின் கைத்திறன் இருக்கிறது. கோடுகள் கசங்கி இயந்திரம் படிக்காதபோது கடைக்காரர் எண்ணைத் தட்டச்சு செய்கிறார். ஓர் இலக்கம் தவறினால் கூட்டுத்தொகை மாறியே ஆக வேண்டும், மாறிய அளவு பத்தின் மடங்காக இருக்கவும் கூடாது. இரண்டால் பெருக்கியிருந்தால், 3-க்குப் பதில் 8 அடிக்கும்போது வித்தியாசம் ஐந்து, பெருக்கினால் பத்து. பிழை நழுவிவிடும். மூன்றை ஒன்று முதல் ஒன்பது வரை எதனால் பெருக்கினாலும் பூஜ்யத்தில் முடியாது. எந்த ஓர் இலக்கப் பிழையும் தப்பாது.

அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்ளும். அப்போது கூட்டுத்தொகை அந்த இலக்கங்களின் வித்தியாசத்தைப்போல் இரு மடங்கு மாறும். வித்தியாசம் ஐந்தாக இருந்தால் மட்டும் ஓட்டை. 49-ஐ 94 என்று அடித்தால் காவல்காரன் தூங்கிவிடுவான். நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் இந்த ஓட்டையையும் அடைத்திருக்கிறது. நெதர்லாந்துக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969-ல் வெளியிட்ட முறை அது. ஓர் ஐங்கோணத்தைச் சுழற்றுவதையும் புரட்டிப் போடுவதையும் கூட்டலாகப் பாவிக்கும் அழகான முறை.

கடையில் இயந்திரம் கீச்சென்று ஒலிக்கிறதே, அது கணக்கு சரியாக வந்துவிட்டது என்ற செய்தி. 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் கடையொன்றில், ரிக்லி சூயிங் கம் பொட்டலம் ஒன்றுதான் முதன்முதலில் இப்படி ஒலித்த பொருள்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்தது. பல்லாங்குழி.

பாட்டியின் பலகையில் இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு, ஆகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. எங்கள் வீட்டு விதி இது: ஒரு குழியில் இருப்பதை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதை விரலால் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பது முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். குழியில் நான்கு சேர்ந்தால் பசு. அதை எடுப்பது தனி மகிழ்ச்சி.

எனக்கு இடமிருந்து மூன்றாவது குழி ராசியானது. அதில் தொடங்கினால் ஏழு கொட்டை கிடைக்கும் என்று உறுதியாக நம்பினேன். பாட்டி எப்போதும் என்னைத்தான் முதலில் ஆடச் சொல்வாள்.

அண்மையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். தொடங்கும் குழிக்கு 0 என்று பெயர். ஐந்தை அள்ளினால் ஐந்து குழிகளில் போட்டு ஆறாவதில் அள்ளுவோம். அதாவது ஒவ்வொரு முறையும், அள்ளிய கொட்டைகளைவிட ஒரு குழி கூடுதலாக நகர்கிறோம். 0-லிருந்து 6, 6-லிருந்து 12, 12-லிருந்து 18. பலகையில் பதினான்கே குழிகள், ஆகவே 18 என்பது 4. அந்தக் குழியில் முதல் சுற்றில் ஒன்று விழுந்திருப்பதால் இப்போது ஆறு கொட்டை. ஏழு நகர்ந்தால் 11. அங்கும் ஆறு. இன்னொரு ஏழு நகர்ந்தால் 18. மறுபடியும் அதே 4! சற்று முன் நானே அள்ளிக் காலியாக்கிய குழி. விரலால் தடவுகிறேன். அடுத்து ஐந்தாம் குழி. அதில் ஏழு கொட்டைகள். வழியில் எங்கும் நான்கு சேரவில்லை, அதனால் பசுவும் இல்லை.

தொடக்கத்தில் எல்லாக் குழிகளிலும் ஐந்துதான். பலகையோ வட்டம். எந்தக் குழிக்கு 0 என்று பெயர் வைத்தாலும் கணக்கு ஒன்றே. மூன்றாவது குழியானாலும் ஏழாவதானாலும் முதலில் ஆடுகிறவருக்கு ஏழு கொட்டை.

குழிக்கு ஆறு போட்டு ஆடிப் பார்த்தேன். ஏழும் ஏழும் நகர்ந்து, இரண்டாவது அள்ளலிலேயே கை தொடங்கிய குழிக்குத் திரும்பிவிடுகிறது. அதுவும் ஏழு கொட்டைதான் தருகிறது. பன்னிரண்டு போட்டேன். மூன்று முறை அள்ளி, பலகையை இரண்டு சுற்றுக்கு மேல் வலம் வந்து, கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு கொட்டை.

பாட்டி ஒருநாளும் குழிக்குப் பன்னிரண்டு போட்டு என்னை முதலில் ஆடச் சொன்னதில்லை.