இடுக்கி: ‘உலோகநீக்கி’ என்ற பிழையான சொல்லைப் பற்றி

திருகோணமலையில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் கொண்டுவரும் குறிப்புகளில் ‘உலோகநீக்கி’ என்ற சொல் விடாமல் வருகிறது. அண்மையில் பார்த்த மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்று இன்னும் ஒருபடி மேலே போய், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை ‘உலோகம் தின்னும் பற்றீரியா’ ஆக்கிவிட்டது. இரண்டும் பிழை.

மூலச்சொல் ஆங்கிலத்தின் கீலேற்று (chelate). கிரேக்கத்தில் ‘கீலே’ என்றால் நண்டின் கொடுக்கு. 1920இல் மோர்கன், ட்ரூ என்ற இருவர் சூட்டிய பெயர். ஒரு மூலக்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் உலோக அயனைப் பற்றி வளையமாக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஈ.டீ.ரீ.ஏ. (EDTA) என்ற சேர்வை இவ்வகைதான்; இரண்டு நைதரசனாலும் நான்கு ஒட்சிசனாலும் ஆறிடத்தில் பற்றும்.

இதில் ‘நீக்கு’ எங்கிருந்து வந்தது? ஈயம் ஏறிய உடம்பிலிருந்து ஈயத்தைச் சிறுநீரோடு வெளியேற்ற இவ்வகை மருந்து கொடுப்பார்கள். அந்த ஒரு பயனைப் பார்த்துப் பெயர் வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயைப் பாருங்கள். உள்ளே பூசியிருப்பது ஈ.டீ.ரீ.ஏ. உப்பு. அது கல்சியத்தைப் பிடித்துவைப்பதால் இரத்தம் உறைவதில்லை. கல்சியமோ குழாய்க்குள்ளேயே கிடக்கிறது. நிலாவெளிப் பக்கம் வெங்காயம் செய்கிறவர் வாங்கும் நுண்சத்துப் பசளையில் இதே பொருள் இரும்பையும் நாகத்தையும் பிடித்துக் கொண்டுபோய்ப் பயிருக்குக் கொடுக்கிறது. கொடுக்கிற பொருளுக்கு நீக்கி என்று பெயர் வைப்பது எந்த நியாயம்? மொழிபெயர்ப்பவர் அகராதியைப் புரட்டுமுன் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். கேட்பவர் அருகிவிட்டார்கள்.

தமிழ்நாட்டுப் புத்தகங்களின் ‘கொடுக்கிணைப்பு’ இதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் கொடுக்கு என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருவது குளவியும் தேளும். அது கொட்டும், பிடிக்காது. அடுப்படி இடுக்கி இரண்டு கையாலும் நடுவே இறுக்கிப் பிடிக்கும். ஆகவே இடுக்கி, இடுக்கிச் சேர்வை என்றே எழுதுகிறேன்.

இடுக்கியைச் சிதைக்கும் நொதியத்துக்கும், செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பதே பொருந்தும். பி.என்.சி.1 என்ற பற்றீரியாவின் ‘மொனோஒட்சிசனேசு’ நொதியம் ஒட்சிசனைக் கொண்டு உலோகத்தைப் பற்றும் ஈ.டீ.ரீ.ஏ.யின் நான்கு கைகளில் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக, கிளையொட்சலேற்று என்ற சிறு மூலக்கூறாக வெட்டிவிடுகிறது. பற்றீரியாவுக்கு உணவாவது இடுக்கி, உலோகம் அல்ல. இதை ‘இடுக்கி சிதைக்கும் நொதியம்’ என்றால் போதும். மகனீசியத்தை இளக்கமாகப் பிடித்திருக்கும் இடுக்கியை அது வெட்டும். செம்பையும் நிக்கலையும் இறுக்கிப் பிடித்திருப்பதைத் தொடாது.

‘உலோகநீக்கி’ என்று படித்த பிள்ளை, நீக்கி சிதைந்தால் உலோகம் தண்ணீரிலேயே தங்கிவிடும் என்று எழுதுகிறது. நடப்பது நேர்மாறு. இடுக்கி சிதைந்தால் விடுபட்ட பார உலோகம் பெரும்பாலும் அடிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். சிதையாத இடுக்கிதான் அதைக் கரைசலாகவே வைத்து ஆற்றோடு கொண்டுபோகும்.