பழைய காலத்து நர்ஸ் ஒருவரும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

தொண்ணூறைத் தாண்டி நிறைவாக வாழ்ந்த ஒரு பெரியவர் சமீபத்தில் கண்ணை மூடினார். வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், பகலில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போய் வர வேண்டும் என்பதற்காகவே வருடக்கணக்கில் இரவுப் பணியைக் கேட்டு வாங்கியவர். கல்லீரல் மருத்துவராக எனக்கு அவர் அறிமுகமானது எண்பது வயதில்தான். பெயர் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதக் காரணம், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்காக அன்று அவருக்குச் செய்த ரத்தப் பரிசோதனையை அவர் தலைமுறையில் ஏராளமானவர்கள் இன்னும் செய்துகொள்ளவில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் கண்ணாடி சிரிஞ்சுதான். கொதிக்க வைத்து, முனை மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி, மறுபடி மறுபடி பயன்படுத்துவார்கள். வார்டில் யாரும் கையுறை போட்டதில்லை, ஊசி குத்திவிட்டால் விரலைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடுவதுதான் ஒழுங்கு என்று அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அப்போது கையில் குத்திவிடும் ஆபத்து அதிகம் என்பதால் இன்று அதைச் செய்யவே கூடாது என்கிறோம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1980களில்தான் வந்தது. ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டுபிடித்ததே 1989இல். அதுவரை 'ஹெபடைடிஸ் ஏயும் இல்லை, பியும் இல்லை' என்றுதான் அந்த நோயைக் குறிப்பிட்டார்கள். ஆக, இவர் பணிக்காலத்தின் பெரும்பகுதியில், தன் விரலில் குத்திய ஊசியில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வழியே இருக்கவில்லை. ஒருமுறை குத்தினால் சி தொற்றும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவுதான், ஆனால் அவருக்கு எத்தனை முறை குத்தியது என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

இந்த வைரஸ் இருபது முப்பது வருடம்கூட சத்தமில்லாமல் இருக்கும். கொஞ்சம் சோர்வு இருந்தாலும் வயசாயிற்று என்று விட்டுவிடுவோம், கல்லீரல் என்சைம் அளவுகூட சிலருக்கு இயல்பாகவே இருக்கும். இவரை மகள் அழைத்து வந்ததும் சோர்வுக்காகத்தான். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைவாக இருந்ததால், கல்லீரல் பாதிப்போ என்று சந்தேகப்பட்டுச் சோதித்தோம், சி இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என் சம்சாரத்துக்கு வந்திருக்குமா டாக்டர்? பெரியவன் என் ரேசரை எடுத்துத்தான் சவரம் பண்ணுவான்" என்றார். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டியணைப்பதாலோ, பேரனை மடியில் வைத்துக்கொள்வதாலோ இது பரவாது, ரத்தம் ரத்தத்தோடு கலந்தால்தான் பரவும், ரேசர் விஷயத்தில் அவர் பயந்தது நியாயமே என்று விளக்கினேன். வீட்டில் எல்லோருக்கும் பார்த்து, யாருக்கும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தன் சிகிச்சைக்குச் சம்மதித்தார். நான் எவ்வளவோ சொல்லியும் அதற்கு முன் ஒரு மாத்திரை வாங்கவில்லை!

சிகிச்சை என்றதும் பழைய இன்டர்ஃபெரான் ஊசியையும் அதன் காய்ச்சலையும் நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது மாத்திரைதான், பெரும்பாலோருக்கு 8 முதல் 12 வாரம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. இவருக்கும் ஆயிற்று. ஆனால் கல்லீரல் ஏற்கெனவே சுருங்கித் தழும்பாகியிருந்ததால் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றேன், கடைசி வரை தவறாமல் வந்தார், ஒவ்வொரு தடவையும் மனைவியோடு. வைரஸ் போய்விட்டால் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து குறையும், ஆனால் தழும்பு இருப்பவர்களுக்கு முழுதாக நீங்காது.

இன்னொன்று. முதலில் செய்யும் ஆன்டிபாடி சோதனை, அதாவது வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கிய பொருளைத் தேடும் சோதனை, பாசிட்டிவ் என்றால் நோய் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சிலருக்கு உடலே வைரஸை விரட்டியிருக்கும், குணமானவர்களுக்கும் அது பாசிட்டிவாகவே காட்டும். அடுத்து, வைரஸ் இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்என்ஏ சோதனை செய்தால்தான் உறுதி. கூடவே பி-க்கும் பார்த்துவிடுங்கள், சி-க்கு மருந்து கொடுக்கும்போது உறங்கிக்கிடந்த பி விழித்துக்கொள்வது உண்டு.

நர்ஸ் மட்டும் இல்லை. லேபில் ரத்தம் எடுத்தவர், ஆபரேஷன் தியேட்டரில் கருவி கழுவியவர், பல் மருத்துவரின் உதவியாளர், சலவைத் துணிக்குள் கிடந்த ஊசி குத்திய துப்புரவுப் பணியாளர், எல்லோரும் இதில் வருவார்கள். உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஓய்வு பெற்றவர் யாராவது இருந்தால், இந்தப் பரிசோதனை எப்போதாவது செய்ததுண்டா என்று கேளுங்கள். "எனக்கெல்லாம் ஒன்றும் இல்லை" என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள், மருத்துவத் துறையில் இருந்தவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். விடாதீர்கள், இந்த வாரமே கூட்டிப்போங்கள்.