கட்டியை எடுப்பது வேறு, கர்ப்பப்பையை எடுப்பது வேறு

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த 31 வயதுப் பெண்ணுக்கு, வாசலிலிருந்து நாற்காலி வரை நடந்ததிலேயே மூச்சு வாங்கியது. கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத் தாள்போல் இருந்தது. குறைந்தது 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவருக்கு 5.4 என்று வந்தது. கையிலிருந்த பழைய ஸ்கேன் அறிக்கையில் தேதியைப் பார்த்தால், கர்ப்பப்பையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். "ஆபரேஷன்னா கர்ப்பப்பையையே எடுத்துடுவாங்கன்னு சொன்னாங்க டாக்டர், எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லையே" என்றார்.

இதே பதிலை இதற்கு முன்பு எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கர்ப்பப்பை போய்விடுமோ என்று அஞ்சி மருத்துவமனைப் பக்கமே வராமல் இருந்து, உதிரப்போக்கால் உடல் வற்றி, கட்டியும் இருமடங்கு வளர்ந்த பிறகு வருகிறார்கள். அந்த நிலையில்தான் கர்ப்பப்பையைக் காப்பாற்றுவது உண்மையிலேயே கடினமாகிறது. எந்த அச்சத்தால் தள்ளிப்போட்டார்களோ, அந்த அச்சத்துக்கே காரணம் தேடிக் கொடுத்துவிடுகிறார்கள். இதை எழுத வேண்டியிருப்பதில் எனக்கு வருத்தமும் உண்டு, கோபமும் உண்டு.

ஃபைப்ராய்டு என்று நாங்கள் சொல்லும் நார்த்திசுக் கட்டி, கர்ப்பப்பையின் தசையிலிருந்தே உருவாகும் சாதாரணக் கட்டி. அது வளர வளரச் சுற்றியுள்ள நல்ல தசை அமுங்கி, கட்டியைச் சுற்றி ஓர் உறைபோல் ஆகிவிடுகிறது. அந்த உறையைச் சரியான இடத்தில் கீறினால், ஓட்டுக்குள்ளிருந்து கொட்டை கழன்று வருவதுபோல் கட்டி தனியாகக் கழன்று வரும். பிறகு அந்தக் குழியை அடுக்கடுக்காகத் தைத்து மூடுகிறோம். இதற்குப் பெயர் மயோமெக்டமி. கர்ப்பப்பையை முழுவதுமாக அகற்றுவது ஹிஸ்டிரெக்டமி. முன்னதில் கர்ப்பப்பை இருந்த இடத்தில் இருக்கும், மாதவிலக்கு வரும், கருத்தரிக்க வழியும் இருக்கும். பின்னதில் இவை எதுவும் இல்லை. இரண்டையும் "கர்ப்பப்பை ஆபரேஷன்" என்ற ஒரே பெயரால் அழைப்பதுதான் குழப்பத்தின் வேர். மருத்துவர் "ஆபரேஷன் தேவை" என்றதும் வெளியே ஓடிவிடாமல், "எந்த ஆபரேஷன்? கட்டியை மட்டுமா, கர்ப்பப்பையையுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இது நேற்று வந்த புதுமையும் அல்ல. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் விக்டர் பானி (1872–1953), இளம்பெண்களின் கர்ப்பப்பையைச் சாதாரணக் கட்டிகளுக்காக அகற்றுவதை எதிர்த்து, கட்டிகளை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைக் காக்கும் முறையை வாழ்நாளெல்லாம் வளர்த்தார். அவருடைய மனைவிக்கே ஃபைப்ராய்டுக்காகக் கர்ப்பப்பை அகற்றப்பட்டது என்பது எங்கள் துறையில் பலரும் அறிந்த செய்தி. இரத்தப்போக்கைக் குறைக்க அவர் வடிவமைத்த கவ்வி இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அவ்வளவு காலமாக நடந்துவரும் அறுவை சிகிச்சையைப் பற்றி, "அப்படியும் ஒன்று உண்டா?" என்று என்னிடம் வியப்போடு கேட்கிறார்கள்.

எங்கள் பக்கமும் குற்றம் உண்டு. கர்ப்பப்பையை அகற்றுவது பல நேரங்களில் மருத்துவருக்கு எளிது. இரத்தக் குழாய்களைக் கட்டி வெட்டிவிட்டால் போக்கு நின்றுவிடும், கட்டி மீண்டும் வருமோ என்ற கவலையும் இல்லை. பல கட்டிகளை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்து, ஒவ்வொரு குழியையும் பொறுமையாகத் தைப்பதற்கு நேரமும் பழக்கமும் வேண்டும். குழந்தைப்பேறு முடிந்து, உதிரப்போக்கால் அவதிப்பட்டு, தானே விரும்பிக் கேட்கும் பெண்ணுக்கு ஹிஸ்டிரெக்டமி நியாயமான சிகிச்சைதான். அதை நான் பழிக்கவில்லை. ஆனால் குழந்தை வேண்டும் என்று சொல்லும் பெண்ணிடம் மயோமெக்டமி என்ற சொல்லையே உச்சரிக்காமல் கையெழுத்து வாங்குவதை ஏற்க முடியாது. அப்படி நேர்ந்தால் தயங்காமல் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். அதை அவமரியாதையாக எந்த நல்ல மருத்துவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

"கட்டி" என்ற சொல்லும் தன் பங்குக்கு மிரட்டுகிறது. ஃபைப்ராய்டு புற்றுநோயாக மாறிவிடும் என்று நினைத்து, "எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்று குடும்பத்தினர் அழுத்தம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். 50 வயதுக்குள் மிகப் பெரும்பாலான பெண்களுக்கு ஒரு ஃபைப்ராய்டாவது உருவாகிறது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஃபைப்ராய்டு என்று எண்ணி அறுவை செய்யப்படும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்குக் கர்ப்பப்பைத் தசைப் புற்று மறைந்திருக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-இல் மதிப்பிட்டது. அது இன்னும் அரிது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. வயது கூடக் கூடத்தான் அந்த வாய்ப்பு கூடுகிறது. மாதவிலக்கு நின்ற பிறகும் வளரும் கட்டியைக் கண்டு நான் அஞ்சுவேன், 28 வயதுப் பெண்ணின் கட்டியைக் கண்டு அவ்வளவு அஞ்ச மாட்டேன். இருந்தாலும் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபியில் கட்டியைத் துண்டாக்கி வெளியே எடுக்கும்போது, புற்று மறைந்திருந்தால் அது சிதறாதபடி, தனியாக ஓர் உறைப்பைக்குள் வைத்தே துண்டாக்குவது நல்லது. இதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சினைப்பையில் வரும் நீர்க்கட்டியும் இதுவும் ஒன்றல்ல. "எனக்கும் கட்டி இருந்தது, மாத்திரையிலேயே சரியாகிவிட்டது" என்று தோழி சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பதற்கு முன், அவருக்கு இருந்தது எந்தக் கட்டி என்று கேளுங்கள். ஃபைப்ராய்டை நிரந்தரமாகக் கரைக்கும் மாத்திரை எதுவும் இல்லை. சில மருந்துகள் அதைத் தற்காலிகமாகச் சுருக்கும், நிறுத்தினால் மீண்டும் வளரும்.

ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கியதும் எல்லோரும் சென்டிமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது இடத்தை. கருவைத் தாங்கும் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் 2 செ.மீ. கட்டி, கருத்தரிப்பைத் தடுத்து உதிரத்தையும் கொட்டச் செய்யலாம். வெளிச்சுவரில் தொங்கும் 6 செ.மீ. கட்டி எதையும் செய்யாமல் இருக்கலாம். இதனால்தான் ஃபைப்ராய்டுகளை இருக்கும் இடத்தைப் பொறுத்து 0 முதல் 8 வரை எண்ணிட்டு வகைப்படுத்துகிறோம். 0, 1, 2 ஆகியவை உள்ளறைக்குள் துருத்துபவை. இவற்றை எடுப்பது கருத்தரிக்க உதவும். வெளிப்புறக் கட்டியை எடுப்பதால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதில்லை. தசைக்குள் புதைந்திருப்பவற்றைப் பற்றி எங்களுக்குள்ளேயே விவாதம் ஓயவில்லை. ஆகவே, "இருக்கிற எல்லாக் கட்டியையும் எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று வற்புறுத்தாதீர்கள். தொந்தரவு தராத கட்டிக்காக ஆரோக்கியமான தசையில் தழும்பு போடுவது சேவை ஆகாது. இன்னொன்று, குழந்தை இல்லாததற்குக் கட்டிதான் காரணம் என்று முடிவு செய்வதற்கு முன் கணவரின் விந்தணுவையும் சோதித்துவிடுங்கள். மனைவியின் வயிற்றைக் கிழித்து முடித்த பிறகு அந்தச் சோதனைக்குச் சம்மதித்த கணவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

உள்ளறைக் கட்டியை வயிற்றில் கீறலே இல்லாமல், பிறப்புறுப்பு வழியாக ஹிஸ்டிரோஸ்கோப் என்ற கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி எடுத்துவிடலாம். மற்றவற்றை லேப்ராஸ்கோபியிலோ வயிற்றைத் திறந்தோ எடுக்க வேண்டும். லேப்ராஸ்கோபி என்றால் உயர்ந்தது, திறந்த அறுவை என்றால் பழைய பாணி என்ற எண்ணம் வேண்டாம். நாளைக்குக் கருவைத் தாங்கப்போவது நீங்கள் கண்ணாடியில் பார்க்கும் தழும்பு அல்ல, உள்ளே போடப்படும் தையல். கட்டிகள் பல இருந்தாலோ மிகப் பெரிதாக இருந்தாலோ, திறந்து, கையால் தடவிப் பார்த்து எடுப்பதே பாதுகாப்பாக இருக்கலாம். தமனியை அடைத்துக் கட்டியைச் சுருக்கும் சிகிச்சையும் உண்டு, ஆனால் குழந்தை வேண்டுபவர்களுக்கு அதை முதல் தேர்வாக நான் சொல்வதில்லை. ஸ்கேனில் ஐயம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வேன். கர்ப்பப்பையின் உள்படலம் தசைக்குள் ஊடுருவி வளரும் அடினோமையோசிஸ் என்ற நோய் ஃபைப்ராய்டுபோலவே ஏமாற்றும், ஆனால் அதற்கு உறை கிடையாது. கீறிய பிறகு கழற்ற எதுவும் இல்லாமல் நிற்பது எங்களுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

மயோமெக்டமியில் நாங்கள் அஞ்சுவது இரத்தப்போக்கை. அறுவையின்போது இரத்தக் குழாய்களைச் சுருக்கும் வாசோபிரசின் ஊசி, கர்ப்பப்பையின் அடியில் தற்காலிகமாக இறுக்கும் பட்டை, இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து என்று பல வழிகள் எங்களிடம் உள்ளன. ஆனால் நோயாளி 5.4 ஹீமோகுளோபினோடு வந்து படுத்தால் இவையெல்லாம் போதாது. ஒப்புதல் படிவத்தில் "தவிர்க்க முடியாத நிலையில் கர்ப்பப்பை அகற்றப்படலாம்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் அது நடக்கும், பழகிய கைகளில் அது மிக அரிது. இரத்தசோகையைச் சரிசெய்துகொண்டு வந்தால் அந்த அரிதும் இன்னும் அரிதாகும். ஒரு மாதவிலக்கில் நாப்கினை மணிக்கொரு முறை மாற்ற வேண்டியிருந்தால், கட்டிகட்டியாக உதிரம் போனால், "எல்லோருக்கும் அப்படித்தான்" என்று சொல்லும் யாரையும் நம்பாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு, கீறலின் ஆழத்தைப் பொறுத்து, மூன்று முதல் ஆறு மாதம் வரை கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். அதற்காக ஆறு ஆண்டு காத்திருக்கவும் கூடாது. கர்ப்பப்பை இருக்கும்வரை புதிய ஃபைப்ராய்டுகள் முளைக்கலாம், எடுத்தவையே கடைசி என்று யாரும் உறுதி தர முடியாது. ஆழமாகக் கீறியிருந்தாலோ உள்ளறை திறக்கப்பட்டிருந்தாலோ பிரசவ வலி தொடங்கும் முன்பே சிசேரியன் செய்வது வழக்கம். வலியின் அழுத்தத்தில் பழைய தழும்பு கிழியும் ஆபத்து சிறியதுதான், ஆனால் கிழிந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. ஆகவே உள்ளறை திறக்கப்பட்டதா, எத்தனை கட்டிகள், எந்தச் சுவரில் என்பதையெல்லாம் டிஸ்சார்ஜ் குறிப்பில் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவர் நானாகவே இருப்பேன் என்று எந்த உறுதியும் இல்லை. தயவுசெய்து அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

நான் முதலில் சொன்ன பெண்ணுக்கு இரத்தம் ஏற்றி, நரம்பு வழியாக இரும்புச்சத்து கொடுத்து, மாதவிலக்கைத் தற்காலிகமாக நிறுத்தும் ஊசியும் போட்டு, ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்ட பிறகே அறுவை செய்தோம். 5 செ.மீ. இருந்தபோதே வந்திருந்தால் சிறிய கீறலோடு முடிந்திருக்கும். இப்போது கட்டி 9 செ.மீ., உள்ளறையையும் திறக்க வேண்டியதாயிற்று. கர்ப்பப்பை பத்திரமாக இருக்கிறது. சென்ற வாரம் தையல் ஆறியதைக் காட்ட வந்தபோது அந்தத் தாள் எங்கே என்றுதான் முதலில் கேட்டேன். கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.