ஜவ்வரிசிக் கஞ்சி மலத்தை இளக்காது

ஐந்து மாதக் கர்ப்பிணி, நாலு நாளாக மலம் கழியவில்லை. கூட வந்த மாமியார் சொல்கிறார்: "சத்து மாத்திரை சூடுங்க, அதான் நிறுத்திட்டோம். ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் குடுக்கிறோம், இன்னும் சூடு தணியல." ஆள்தான் மாறுகிறது, வசனம் மாறுவதில்லை.

ஜவ்வரிசி எப்படி வருகிறது என்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டால் அடியில் படிவது மாவு. அதை உருட்டி, வறுத்து, உலர்த்தினால் ஜவ்வரிசி. நார் முழுக்க வடிகட்டியில் நின்ற திப்பியோடு தீவனத்துக்குப் போய்விட்டது. நம் தட்டுக்கு வருவது ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. பேதியானால் இதே கஞ்சியைத்தானே கொடுக்கிறீர்கள்? போவதை நிறுத்தக் கொடுக்கும் கஞ்சி, போகாததை எப்படி இளக்கும்? குடித்தால் வயிறு குளுகுளுவென்று இருக்கும், சரி. மலம் இளகாது.

கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குடலை மந்தமாக்கும். கழிவு பெருங்குடலில் நெடுநேரம் கிடந்தால் அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு இறுகிவிடும். இதில் சூடு எங்கே இருக்கிறது? நாரும் தண்ணீரும்தான் போதவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், இளக்கமாக, முக்காமல் போனால் அது மலச்சிக்கலே இல்லை. அதற்கு வைத்தியமும் வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும் என்பது உண்மைதான். அதற்காக நிறுத்துவதா? அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நாலாம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். பிரிக்காத அட்டைகள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடக்க, ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கி நிற்கும். பிரசவத்தில் ரத்தம் போகும்போது 'சூடு' என்று சொல்லித் தப்ப முடியாது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நர்சம்மாவிடமோ டாக்டரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பார்க்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம், தேவைப்பட்டால் ஊசியாகவும் ஏற்றலாம். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். டீ, காபிக்கும் அப்படித்தான். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான். தார் போல ஒட்டிக்கொண்டு கடும் நாற்றம் அடித்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். சலிக்காத கேழ்வரகு மாவு 60 கிராமில் களி கிண்டினால் 6, 7 கிராம் கிடைக்கும். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் இன்னொரு 7. நடுத்தரக் கொய்யா ஒன்று 5, ஒரு கிண்ணம் கீரைப் பொரியல் 3. மிச்சத்தைச் சோறும் காய்களும் பார்த்துக்கொள்ளும். ஏற்காட்டுக்காரர்களுக்குப் பேரிக்காயும் பட்டர் ஃப்ரூட்டும் வாசலிலேயே கிடைக்கின்றன. அவற்றை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு பிஸ்கட் வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு உப்பும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

நாரை மட்டும் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் முன்பைவிட இறுகும். பெரிய டம்ளரில் 8 முதல் 10 குடியுங்கள். ஸ்கேனுக்குக் கிளம்பும் நாளில், பஸ்ஸில் ஒன்றுக்கு எங்கே போவது என்று காலையிலிருந்தே சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். அந்தக் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் முதல் வேலையாகக் குடியுங்கள், தாயீ.

காலை உணவு முடிந்த அரை மணிக்குள் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தைப் பட்டறைக்கும் பாத்திரத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள், வந்த உணர்ச்சியை அடக்காதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் ஒரு சாண் உயர முக்காலியில் கால் வைத்துச் சற்று முன்னால் சாய்ந்து உட்காருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், செல்போன் வெளியே இருக்கட்டும். முக்கினால் கரு கலைந்துவிடும் என்று பயப்படாதீர்கள், கலையாது. மூலம்தான் வரும்.

இவ்வளவும் செய்து ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு இசப்கோல் என்ற நார்ப்பொடி. ஒரு தேக்கரண்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும். வைத்துவிட்டு வந்து பார்த்தால் கூழாகி நிற்கும். வயிற்றுக்குள்ளும் அதேதான் நடக்கிறது, அதனால் மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் இல்லாமல் வாயில் போட்டால் தொண்டையிலேயே அடைக்கும். இரும்பு மாத்திரையிலிருந்து 2 மணி நேரம் தள்ளியே குடியுங்கள். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தால் பயமின்றிக் குடிக்கலாம். வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும். முதல் நாளே "கேட்கல" என்று மூடி வைக்காதீர்கள்.

விளக்கெண்ணெய் குடிக்கவே கூடாது. அது குடலோடு நிற்காது, கர்ப்பப்பையையும் சுருங்கவைக்கும். நிலாவரைச் சூரணம், கற்றாழை, வீட்டில் கொடுக்கும் சோப்புத்தண்ணீர் எனிமா எதையும் சுயமாகச் செய்யாதீர்கள்.

மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, காற்றுகூடப் பிரியாமல் வயிறு உப்பிக் கிடப்பது: இவற்றுக்குக் கைவைத்தியம் கிடையாது. வயிறு இறுகி, விட்டு, மறுபடி இறுகும் வலியை "மலம் போனால் சரியாகிடும்" என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அது பிரசவ வலியாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். ஏற்காடு மலையில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சேலம் வந்து சேர 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும்.