38 சதவீதமும் பூஜ்யமும்

ஆய்வேடு கொடுப்பதற்கு முன்னால் தமிழ், இயற்பியல், சட்டம் என்று எந்தத் துறைப் பிள்ளையானாலும் ஒருமுறை வந்து நிற்கும் மேசை என்னுடையது. பல்கலைக்கழக நூலகத்தில் மென்பொருள் வழியாகக் கருத்துத் திருட்டுச் சோதனை செய்து சான்றிதழ் கொடுக்கிறேன். அந்த மேசையில் ஒரே வாரத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, அகநானூற்றுப் பாலைப் பாடல்களில் ஆய்வு செய்த பெண். ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு 38 சதவீதம் ஒத்துப்போகிறது என்று அறிக்கையில் வந்திருந்தது. அந்தப் பெண் பேசவே இல்லை. கூட வந்த அப்பாதான் பேசினார். "அம்மா, என் பொண்ணு திருடி எழுதிட்டான்னு கம்ப்யூட்டர் சொல்லுதாமே? ஆறு வருஷமா ராத்திரி ராத்திரியா உக்காந்து எழுதினதுங்க."

அறிக்கையைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஒத்துப்போவதாக மென்பொருள் சிவப்பிட்ட இடமெல்லாம் அகநானூறு. பாட்டும், பழைய உரை வரிகளும். மேற்கோள் குறிக்குள் இருப்பதை விட்டுவிடும்படி மென்பொருளுக்குச் சொல்ல முடியும். ஆனால் தமிழ் ஆய்வேட்டில் பாட்டுக்கு யார் மேற்கோள் குறி போடுகிறார்கள்? உள்தள்ளி, வரி பிரித்து, கீழே பாட்டு எண் கொடுப்பதுதான் வழக்கம். இயந்திரத்துக்கு அந்த வழக்கம் தெரியாது. சங்கப் புலவர் எழுதியதை அந்தப் பெண் எழுதியதாகக் கணக்கு வைத்துவிட்டது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கிய பிறகு 7 சதவீதம் நின்றது.

இரண்டாவது, அதே வாரம் வந்த இன்னொரு தமிழ் ஆய்வேடு. பூஜ்யம். நெறியாளருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குச் சந்தேகம். பூஜ்யம் யாருக்கும் வராது. குறைந்தபட்சம் பல்கலைக்கழகத்தின் பெயராவது எங்கேயாவது ஒத்துப்போகும். பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினேன். தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள் கண்டபடி கொட்டிக் கிடந்தன. பாமினி எழுத்துரு! திரையில் தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில விசைகளின் குவியல். இயந்திரம் அந்தக் குவியலை உலகம் முழுக்கத் தேடி, இப்படி யாரும் எழுதியதில்லை என்று நற்சான்று கொடுத்துவிட்டது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றி மறுபடி ஓட்டினேன். பாதிக்கு மேல் சிவப்பு. இந்த முறை நிஜமான சிவப்பு.

திருடாதவர் திருடராகவும், திருடியவர் உத்தமராகவும் ஒரே வாரத்தில் என் மேசைக்கு வந்து போனார்கள்.

இத்தனைக்கும் விதி தெளிவாகத்தான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மீண்டும் தர வேண்டும். 60 வரை போனால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. இந்த எண்கள் எல்லா மாணவருக்கும் மனப்பாடம். அதே விதியில், உரிய ஒப்புகையுடன் காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகம், பொதுவான சமன்பாடு ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. தொடர்ந்து 14 சொல் வரை தற்செயலாக ஒத்துப்போனால் அதையும் விட்டுவிடலாம். இந்தப் பகுதியைப் படித்து வருபவர்கள் மிகக் குறைவு. (குறளுக்கு ஏழே சீர், 14 சொல் சலுகையில் தப்பிவிடும். அகநானூற்றில் மிகச் சிறிய பாட்டே 13 அடி. எங்கே தப்புவது?)

எண் சொல்வதை அப்படியே நம்பாமல், எந்தத் துறையின் எழுத்து இது என்று பார்த்துத்தான் அறிக்கையைப் படிக்க வேண்டியிருக்கிறது. வேதியியல் ஆய்வேட்டில் செய்முறைப் பகுதி எப்போதும் சிவக்கும். கரைசலை வடிகட்டினேன், உலர்த்தினேன், ஆவியாக்கினேன் என்பதை எத்தனை விதமாக எழுத முடியும்? சிவப்புக்குப் பயந்து சொற்களைப் புரட்டிப் போட்டால், அடுத்து அந்தச் சோதனையைச் செய்து பார்ப்பவர் தடுமாறுவார். ஆனால் அதே ஆய்வேட்டின் முடிவுரையில் சிவப்பு தெரிந்தால் நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன். சட்டத்துறை ஆய்வேட்டில் பிரிவுகளும் தீர்ப்பு வாசகங்களும் சிவக்கத்தான் வேண்டும், மாற்றி எழுதினால்தான் தப்பு.

எழுத்து மட்டுமா வேறுபடுகிறது? காலமும் வேறுபடுகிறது. "பக்கத்து வீட்டுப் பையன் மூணு வருஷத்துல டாக்டர் ஆயிட்டான், நீ இன்னும் என்ன பண்றே?" என்ற கேள்வியைக் கேட்காத ஆய்வு மாணவர் இருக்க முடியாது. அந்தப் பையன் கணினியில் கணக்கை ஓட்டியிருப்பான். இவள் வண்ணத்துப்பூச்சியின் புழுவைப் பார்க்கப் பருவத்துக்குக் காத்திருப்பாள். ஒரு மழை தவறினால் ஒரு வருடம் போச்சு.

கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் தமிழ்நாட்டுக் குகைகளில் பழந்தமிழ் எழுத்தான தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை நேரில் பார்த்துப் படியெடுக்கத் தொடங்கியது 1960-களின் தொடக்கத்தில். 1990-களில் மறுபடியும் அதே குகைகளுக்குப் போனார். முழு நூலாக வெளிவந்தது 2003-ல். இந்த உழைப்பை இம்பாக்ட் ஃபேக்டரில் போட்டுப் பாருங்கள். அது முந்தைய இரண்டே ஆண்டுகளில் வெளியான கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணும் கணக்கு, அதுவும் இதழுக்கான கணக்கு. உயிர்வேதியியல் மாதிரி வேகமாக ஓடும் துறைக்கு இரண்டாண்டு ஓரளவு பொருந்தும். கல்வெட்டுக்காரருக்கு இரண்டாண்டில் ஒரு குகையின் சுண்ணாம்புப் பூச்சைக்கூடத் தாண்ட முடியாது.

பெயர் போடுவதிலும் ஊருக்கொரு வழக்கம். அணுவினும் சிறிய ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி, ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் இரண்டு குழுக்கள் 2015-ல் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கம் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களும்தான். வரலாற்றுத் துறையில் அநேகமாக ஒரே பெயர். கணிதத்தில் அகரவரிசை, அங்கே முதல் பெயருக்குத் தனி மதிப்பு கிடையாது. உயிரியலில் முதல் பெயர் கையால் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். நேர்முகத் தேர்வில் "நீங்க முதல் ஆசிரியரா?" என்று கணிதக்காரரைக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், அவர் பெயர் வாசுதேவன் என்று தொடங்கினால் ஆயுளுக்கும் கடைசிதான். கணினி அறிவியலில் பெரிய முடிவுகள் பல மாநாட்டில்தான் முதலில் வரும். மற்றத் துறைக்காரர் "வெறும் கான்ஃபரன்ஸ்தானே" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்.

எது சான்று என்பதில்தான் துறைகள் உண்மையிலேயே பிரிகின்றன. கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குப் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்று காலம் சொல்லப்பட்டது. கரிமப் பகுப்பாய்வு நடந்தது அமெரிக்காவில் மயாமியில் உள்ள ஆய்வகத்தில். செய்தியில் படித்தவர்கள் பலர், பானையையே இயந்திரத்துக்குள் வைத்து வயதைக் கண்டுபிடித்ததாக நினைக்கிறார்கள். கரிமக் கணக்கு சொல்வது ஓர் உயிர் எப்போது செத்தது என்பதை மட்டும்தான். எரிந்த மரம் எப்போது வெட்டுப்பட்டது, தானியம் எப்போது அறுவடையானது, அவ்வளவே. சுட்ட மண்ணின் வயதை அது சொல்லாது. ஓட்டில் கீறிய 'ஆதன்' என்ற பெயரின் வயதையும் சொல்லாது.

கரித்துண்டும் எழுத்துள்ள ஓடும் ஒரே மண்ணடுக்கில் கிடந்தன, அந்த அடுக்கை எலியோ கிணற்றுக் குழியோ கலைக்கவில்லை என்று காட்டுவது அகழாய்வாளரின் குறிப்பேடு. குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மண்ணின் நிறம் மாறும் இடத்தில் ஆணி அடித்து, நூல் கட்டி, அளவெடுத்து எழுதிய குறிப்பேடு. எழுத்தை வாசிப்பவர் கல்வெட்டியலார். 'ஆதன்' சங்கப் பாட்டிலும் வரும் பெயர் என்று எடுத்துக் கொடுப்பவர் இலக்கியக்காரர். இவற்றில் ஒரு கை தளர்ந்தாலும் 580 என்ற எண் கரித்துண்டோடு நின்றுவிடும், எழுத்துக்கு வந்து சேராது. "அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்று யாராவது சொன்னால், எந்த அறிவியல், எதை என்று கேளுங்கள்.

மருத்துவத்தில் சான்று வேறு மாதிரி. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியபோது, காசநோய் என்றால் சானடோரியத்தில் சேர்ப்பதுதான் நியதி. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் குணமாகாதா என்று அங்கே சோதித்தார்கள். யாருக்கு வீடு, யாருக்கு சானடோரியம் என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை, குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. நெரிசலான வீட்டில், சுமாரான சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகமே வீட்டுச் சிகிச்சைக்குத் திரும்ப அது பெரிய காரணம். குலுக்கல் இல்லாவிட்டால், தேறக்கூடியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளியிருப்பார்கள். ஆனால் அந்தக் குலுக்கலை அகநானூற்றுப் பெண்ணிடம் போய், "உங்க ஆய்வில் கட்டுப்பாட்டுக் குழு எங்கே?" என்று கேட்டால் அபத்தம். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும் கேள்விகளைக் காதாரக் கேட்டிருக்கிறேன்.

இந்த வேறுபாடு தெரியாத இடத்தில்தான் போலி ஜர்னல் வியாபாரம் நடக்கிறது. எல்லாத் துறைக்கும் "பேப்பர் எத்தனை?" என்ற ஒரே கேள்வி என்றால், பேப்பரை விற்க ஆள் வரத்தானே செய்வார்? மாணவர்களுக்கு வரும் மின்னஞ்சல்களை என்னிடம் காட்டுவார்கள். "கிரீட்டிங்ஸ் ஆஃப் தி டே" என்று தொடங்கும். தமிழ் இலக்கியக்காரரைப் பொறியியல், மேலாண்மை, மருத்துவம், மொழி எல்லாம் சேர்ந்த பன்னாட்டு இதழுக்கு அழைக்கும். மூன்று நாளில் ஏற்பு, ஐந்தாம் நாள் வெளியீடு, சான்றிதழ் இலவசம். மூன்று நாளில் அகநானூறு தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் படித்து, குறை சொல்லி, இவர் திருத்த முடியுமா? 2013-ல் ஒரு சோதனை நடந்தது. வேண்டுமென்றே தவறுகள் நிறைத்த பொய்க் கட்டுரையை யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய 304 திறந்தநிலை இதழ்களுக்கு அனுப்பினார்கள். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

யுஜிசியும் 2018-ல் தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. பிறகு தரமான இதழ்களுக்கென்று கேர் என்ற புதிய பட்டியல் வந்தது, 2025-ல் அதையும் நிறுத்திவிட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகளில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பல நிறுவனங்கள் தங்கள் சொந்த விதியில் அதை வைத்திருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். பட்டியல் இல்லாத காலத்தில் நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். இதழின் பழைய இதழ்களைத் திறந்து உங்கள் துறைக் கட்டுரை இரண்டை முழுசாகப் படியுங்கள். உங்கள் நெறியாளர் வகுப்பில் மதித்துச் சொல்லும் பெயர் ஒன்றாவது ஆசிரியர் குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். குழுவில் தன் பெயர் இருப்பதே தெரியாத பேராசிரியர்கள் உண்டு.

அகநானூற்றுப் பெண்ணின் அப்பாவிடம் புதிய அறிக்கையைக் கொடுத்தபோது அவர் கேட்டார்: "அந்த மீதி ஏழு என்னதுங்க?" நன்றாகத்தான் கேட்டார். பார்த்தேன். நான்கு அந்தப் பெண்ணே முன்பு எழுதிய கட்டுரையோடு ஒத்துப்போனது. மூன்று, துறையில் எல்லாரும் எழுதும் திணை விளக்கம்.

சோதனைக்கு வருபவர்களுக்கு ஒன்று. பிடிஎஃப் மட்டும் கொண்டுவந்தால் போதாது, வேர்டு கோப்பும் வேண்டும். பாட்டும் பழைய உரையும் எந்தப் பக்கங்களில் வருகின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். மாற்றும்போது 'ஸ்ரீ'யும் 'ஔ'வும் உடையும், அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.